மேலுரம் போட்ட இரவில் மழை

முத்துப்பேட்டைக்கு வடக்கே, விவசாயி:

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசிக் கடைசியில் நடந்தது. சம்பா நெல், சி.ஆர். 1009 ரகம். பயிர் வளரும்போது போடுகிற மேலுரம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஆள் கிடைத்த நாளில் கடையில் யூரியா இல்லை, யூரியா வந்த நாளில் ஆள் இல்லை. ஒருவழியாக இரண்டும் கூடிவந்த நாளில் கிழக்கே கருத்துக்கொண்டு நின்றது. "இன்று வேண்டாம்" என்றார் அப்பா. நான் கேட்கவில்லை. மூன்று மூட்டை வீசி முடித்தோம்.

இரவு பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. பயிர் முழுகிவிடும் என்று மண்வெட்டியோடு ஓடிப்போய் வடிமடையை வெட்டிவிட்டவன் நானேதான். தண்ணீர் சலசலவென்று வாய்க்காலில் இறங்கியது. முதல் நாள் காசு கொடுத்து வாங்கியது அதோடு போகிறது என்று தெரியும். பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வேலையாக ஜாம்புவானோடைப் பக்கம் போயிருந்தேன். எங்கள் வடிகாலெல்லாம் கோரையாறு வழியாக முத்துப்பேட்டைக் காயலில் விழுந்து, அங்கிருந்து பாக் நீரிணைக்குப் போகிறது. கரையில் ஒரு பெரியவர் வலையை விரித்துப்போட்டுப் பாசியை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். வலைக்கண் தெரியாமல் அடைத்திருந்தது. "மழை விட்டு வெயில் அடித்தால் இப்படித்தான் தம்பி. மேலே போடுகிற உரம் முழுக்க இங்கேதானே வருகிறது" என்றார். என்னை வைத்துச் சொல்லவில்லை, நான் யாரென்றே அவருக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதுபோல வேறு யாருக்காவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை.

பாம்பன், மீன்பிடித் தொழில்:

அந்தப் பெரியவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

2019 செப்டம்பரில் குந்துகால் கரைக்குக் காலையில் போனோம். கடல் பச்சையாக இருந்தது. கடலுக்கு உள்ள பச்சை அல்ல, கரைத்து ஊற்றிய சாயப் பச்சை. கையில் அள்ளினால் கொழகொழவென்று வந்தது. எங்கள் பக்கம் இதைப் பூங்கோரை என்போம். வரும், இரண்டொரு நாளில் கலைந்துவிடும். அந்த முறை கலையவில்லை. செத்த மீன்கள் கரையில் ஒதுங்கத் தொடங்கின. எங்கள் கண்ணில் அதிகம் பட்டவை ஓரா. வலையில் அகப்படாமல் ஏமாற்றுகிற மீன் காலடியில் வாய் திறந்து கிடந்ததைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. எடுத்து விற்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு ஆய்வாளர்கள் வந்தார்கள். இது நாக்டிலுகா என்ற ஒரே செல் கொண்ட நுண்ணுயிர், அளவுக்கு மீறிப் பெருகி அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது என்றார்கள். சில தீவுகளைச் சுற்றி லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய்விட்டதாம். மீனாவது நீந்தித் தப்பப் பார்க்கும், பவளப்பாறை எங்கே போகும்? மான்கொம்பு போலக் கிளைத்திருந்த பாறைகள் செத்துப்போயின.

இது முழுக்க யூரியாவின் வேலை என்று நான் சொல்லமாட்டேன். நீரோட்டம் உண்டு, காற்று உண்டு, ஊர்ச் சாக்கடையும் உண்டு. ஆனால் பாசிக்குத் தீனி போடுகிறவர்களில் விவசாயிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. முத்துப்பேட்டை அண்ணன் அதை ஒப்புக்கொண்டார் என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன்.

யாழ்ப்பாணம், தோட்டச் செய்கை:

எங்களுக்கு ஆறு என்று சொல்ல வழுக்கியாறுதான், அதுவும் மாரியில் மட்டும். எங்களிடம் பசளை ஆற்றில் போவதில்லை, நேரே கிணற்றுக்குள் இறங்குகிறது. மேலே செம்பாட்டு மண், கீழே சுண்ணாம்புக் கல். வெங்காயத்துக்குப் போட்டு இறைத்த யூரியா அதே கிணற்றுக்குத் திரும்பி வருகிறது. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், மிஞ்சியது நிலத்தடியால் கடலுக்குப் போகிறது.

மகளுக்குக் குழந்தை பிறந்திருந்த நேரம் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். குடிநீரில், பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எங்களுடையது தாண்டியிருந்தது. மனைவி உடனே "நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுப்போம்" என்றார். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும் என்று சோதனைக்கூடத்தில் சொல்லி அனுப்பினார்கள். இதை இங்கே எழுதக் காரணம், கைக்குழந்தை உள்ள வீடுகளில் இன்றைக்கும் பலர் கொதிக்க வைத்தால் போதும் என்று நம்புகிறார்கள். அளவு கூடிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் இரத்தம் ஒக்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும்.

இன்னொன்று. பாம்பன் தம்பி சொன்ன அதே 2019இல், அடுத்த மாதமே, வீணாகும் நைதரசனை, அதாவது பசளையில் உள்ள தழைச்சத்தை, 2030க்குள் பாதியாகக் குறைப்போம் என்று பல நாடுகள் கூடிக் கொழும்பில் பிரகடனம் செய்தார்கள். நல்ல விடயம். ஆனால் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தபோது நாங்கள் பட்டபாடு எங்களுக்குத்தான் தெரியும். நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. தடை வந்தபோது எங்களில் எவருக்கும் எவ்வளவு குறைத்தால் பயிர் தாங்கும் என்று தெரியாது. அதைக் கற்றுத்தர யாரும் வரவுமில்லை. பிறகு பசளை கிடைக்கத் தொடங்கியதும் விட்ட குறைக்கும் சேர்த்துப் போட்டவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

டென்மார்க், ஜட்லாந்து:

எண்பதுகளில் இங்கே வந்தவன். பல வருடங்கள் ஒரு பன்றிப் பண்ணையில் வேலை பார்த்தேன். மனிதர்களைவிடப் பன்றிகள் கூடிய நாடு இது. சாணக் குழம்பைத் தாங்கியில் சேர்த்து வைத்து வயலுக்கு விடுவார்கள். நினைத்த நேரத்தில் விட முடியாது. குளிர்காலத்தில் பயிர் எடுத்துக்கொள்ளாமல் எல்லாம் ஓடிவிடும் என்பதால் அப்போது தடை. எந்த வயலுக்கு எவ்வளவு நைதரசன் போனது என்று வருடாவருடம் அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பார்லி அறுத்த கையோடு கடுகோ முள்ளங்கியோ விதைப்போம். விற்பதற்கு அல்ல. மண்ணில் மிஞ்சிய உரத்தை மழை கொண்டுபோவதற்குள் அவை உறிஞ்சிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. முதல் வருடம் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

1986இல் கட்டெகாட் கடலில் பிடித்த செத்த சிங்கி இறால்களை மீனவர்கள் தொலைக்காட்சியில் காட்டிய பிறகுதான் இந்தச் சட்டங்கள் தொடங்கின என்று பண்ணைக்காரர் சொல்வார். அடுத்த வருடமே திட்டம் வந்தது. நைதரசனை நிறையவே குறைத்தார்கள். ஆனாலும் 2024 ஏப்ரலில் வைலே குடாவுக்குச் செத்த வீடு நடத்தினார்கள். உண்மையாகவே கறுப்பு உடுத்திக்கொண்டு வந்தார்கள். அடியில் மீனும் கடற்புல்லும் இல்லாமல் போய்விட்டது என்று. நானும் கரையில் போய் நின்றேன். அந்தக் குடாவைச் சுற்றி உள்ளதும் நான் உழைத்தது போன்ற பண்ணைகள்தான்.

முத்துப்பேட்டைக்கு வடக்கே, விவசாயி:

எல்லாவற்றையும் படித்தேன். யாழ்ப்பாணத்து ஐயா கேட்ட "எவ்வளவு குறைத்தால் தாங்கும்" என்பதற்கு நான் செய்வதைச் சொல்கிறேன்.

போன சம்பாவிலிருந்து இலை வண்ண அட்டை வைத்துப் பார்க்கிறேன். வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள அட்டை அது, இலை நிறத்தை அதோடு ஒப்பிட வேண்டும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள். மேலிருந்து மூன்றாவது இலையை, முழுக்க விரிந்ததாகப் பார்த்து, பறிக்காமல் அட்டைமேல் வைக்க வேண்டும். வெயில் இலைமேல் படாமல் நம் உடம்பு நிழல் விழ வேண்டும், இல்லாவிட்டால் நிறம் ஏமாற்றும். பத்து இடத்தில் பார்த்து, ஆறு இடத்திலாவது 4ஆம் எண்ணைவிட வெளுத்திருந்தால்தான் யூரியா. வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3ஆம் எண்.

போன முறை இரண்டு வாரம் தொடர்ந்து போடவேண்டியிருக்கவில்லை. பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கும், நம்முடையது அதற்குப் பக்கத்தில் சோகை பிடித்ததுபோல் தெரியும். போகிறவர் வருகிறவரெல்லாம் "உரம் வாங்கக் காசில்லையா" என்று கேட்டார்கள். மானியம் போக மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த விலைக்கு யார் மிச்சம் பிடிப்பார்கள்? நான் ஏக்கருக்கு அரை மூட்டை மிச்சம் பிடித்தேன். களத்தில் நெல் குறையவில்லை. இலைச்சுருட்டுப் புழு மட்டும் குறைந்தது.

யாழ்ப்பாணம், தோட்டச் செய்கை:

வெங்காயத்துக்கு இப்படி அட்டை உண்டா?

முத்துப்பேட்டைக்கு வடக்கே, விவசாயி:

என்னிடம் இருப்பது நெல்லுக்கு உள்ளது ஐயா. நீங்கள் கிணற்று நீர்ச் சோதனைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு விவசாய அலுவலரிடம் போங்கள். இறைக்கிற தண்ணீரிலேயே தழைச்சத்து இருக்கிறது அல்லவா, அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.