அமில மழையும் காட்டு மண்ணும்: மண் அறிவியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமில மழை பற்றிப் பாடம் தயாரிக்கிறேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டை எடுத்துக்கொண்டேன். 1963 முதல் அங்கே மழைநீரையும் ஓடைநீரையும் ஆராய்கிறார்கள். நிலக்கரிப் புகையால் வந்த அமிலம் இலைகளை மட்டும் கெடுக்கவில்லை. மண்ணிலிருந்த கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு போனது, அலுமினியத்தை விடுவித்து வேர்களையும் தாக்கியது. 1999இல் ஹெலிகாப்டரில் கால்சியம் சிலிக்கேட் தூவிய பகுதியில் மேப்பிள் மரங்கள் தேறினவாம்! படித்தபோது அவ்வளவு சந்தோஷம்.

என் சந்தேகம் இதுதான்: மழையின் அமிலம் குறைந்த பிறகும் மண் ஏன் இவ்வளவு மெதுவாகத் தேறுகிறது? பாறை சிதைந்துதான் கால்சியம் திரும்ப வர வேண்டுமா? தெரிந்தவர்கள் எளிமையாக விளக்குங்கள். அப்புறம், வகுப்பில் செய்து காட்டக்கூடிய சின்னச் சோதனை ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.