விமானத்தில் க்ரூ சொல்வதை எதுவரை கேட்டாக வேண்டும்?

தாம்பரம்_தென்றல் கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு சென்னை–டெல்லி போகிறோம். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு, அடிக்கடி பாத்ரூம் போகவேண்டி வரும். யாராவது அதட்டினால் திருப்பி அதட்டுகிற சுபாவம் வேறு. பயணிக்கும் க்ரூவுக்கும் வாய்த்தகராறு என்று வாரம் ஒரு வீடியோ வருகிறது. எல்லாவற்றிலும் கடைசியில் "உங்களை நோ ஃப்ளை லிஸ்டில் (பறக்கத் தடை செய்யப்பட்டவர்கள் பட்டியலில்) போட்டுவிடுவோம்" என்கிறார்கள். கேபின் க்ரூ சொல்வது எல்லாமே உத்தரவா? எதை மறுக்கலாம்? அவர்கள் நினைத்தால் அங்கேயே தடை போட்டுவிட முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

விதி_22 எழுதியது:

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 22ஆவது விதி இரண்டு விஷயங்களைத் தடுக்கிறது. ஒன்று, க்ரூவை அடிப்பது, மிரட்டுவது. வாயால் மிரட்டினாலும் அதில் சேரும். இரண்டாவது, கேப்டனோ அவர் சார்பில் க்ரூவோ தரும் சட்டப்படியான உத்தரவை மறுப்பது. அந்த உத்தரவு விமானத்தின், உள்ளே இருப்பவர்களின், உடைமைகளின் பாதுகாப்புக்காகவோ, உள்ளே ஒழுங்கைக் காப்பதற்காகவோ இருக்கவேண்டும்.

ஆக, அதிகாரம் கேப்டனுடையது. சீட்களுக்கு நடுவே நடைபாதையில் நிற்கிற க்ரூ பெண் அவர் சார்பில் பேசுகிறார், அவ்வளவுதான். "நீ யாரும்மா எனக்குச் சொல்ல" என்ற கேள்வி சட்டத்தின் முன் நிற்காமல் போவது அதனால்தான்.

விமானத்துக்குள் நடக்கும் குற்றங்கள் பற்றிய சர்வதேச ஒப்பந்தமான 1963 டோக்கியோ ஒப்பந்தமும் இதையே சொல்கிறது. இந்தியா அதற்காக 1975இல் தனிச் சட்டமே இயற்றியது. ஏறி முடித்து வெளிக்கதவுகள் எல்லாம் மூடிய நொடியிலிருந்து, இறங்குவதற்காக ஒரு கதவு திறக்கிற வரை, அடங்காதவரைக் கட்டிப்போடுவது, வழியில் இறக்கிவிடுவது, போலீசிடம் ஒப்படைப்பது எல்லாம் கேப்டன் கையில். கட்டிப்போட உதவும்படி க்ரூவுக்கு அவர் கட்டளையே இடலாம். பயணிகளிடம் கேட்கலாம், அனுமதிக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

சீட் மாறச் சொன்னால் ஒரே ஒரு கேள்வியை அமைதியாகக் கேளுங்கள்: "இது பாதுகாப்புக்காகவா, இல்லை இன்னொருத்தர் வசதிக்காகவா?" ஒரு குடும்பம் சேர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காக என்றால் அது வேண்டுகோள், மறுக்கலாம். எடைச் சமநிலைக்காக என்றால் உத்தரவு.

---

ஜம்ப்_சீட் எழுதியது:

மேலே சொன்னது சரி. ஆனால் சண்டை வருகிற இடங்களில் "இது எதற்காக" என்று விளக்க க்ரூவுக்கு நேரம் இருக்காது. காரணம் தெரிந்தால் பாதி சண்டை வராது என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

காலி சீட்டுக்கு மாறுவது. சென்னை–தூத்துக்குடி மாதிரி ரூட்டில் பறக்கிற ஏ.டி.ஆர். 72 சின்ன விமானம். எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுத்தான் லோட் ஷீட் (விமானத்தின் எடைக் கணக்குத் தாள்) தயாராகிறது. நாலு பேர் பின்னாலிருந்து முன்னால் வந்தாலே அந்தக் கணக்கு மாறும். மேலே போன பிறகு கேளுங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

எமர்ஜென்சி எக்ஸிட் வரிசை. ஏர்பஸ் ஏ320இல் இறக்கை மேலுள்ள அந்தக் கதவு கீல் வைத்தது இல்லை. முழுசாகப் பிடுங்கி வெளியே எறிய வேண்டும், எடை சுமார் 15 கிலோ. அதைத் தூக்க முடியாதவர், தூக்க விருப்பமில்லாதவர், க்ரூ சொல்வது புரியாதவர் யாரானாலும் மாற்றுவார்கள். கூடுதல் பணம் கட்டி வாங்கிய சீட் என்று வாதாடிப் பயனில்லை. பணத்தைத் திரும்பக் கேட்பது இறங்கிய பிறகு.

ஜன்னல் மறைப்பு. ஏறும்போதும் இறங்கும்போதும் திறக்கச் சொல்வது, வெளியே தீயோ புகையோ இருந்தால் எந்தக் கதவைத் திறக்கக்கூடாது என்று உடனே தெரிவதற்காக. கண்ணும் வெளி வெளிச்சத்துக்குப் பழகியிருக்கும். இதில் ஒரு வேடிக்கை: 2025 மே மாதம் மேற்கு எல்லைப் பக்கத்து ராணுவ விமான தளங்களுக்கு வந்த உத்தரவு நேர் எதிர். 10,000 அடிக்குக் கீழே இருக்கும்வரை மூடி வையுங்கள் என்றது, எமர்ஜென்சி எக்ஸிட் வரிசை மட்டும் விலக்கு. போன வாரம் திறக்கச் சொன்னார்கள், இந்த வாரம் மூடச் சொல்கிறார்கள் என்று க்ரூவைக் கோபித்து என்ன செய்வது?

சீட்டை நிமிர்த்து, ட்ரே மூடு, காலடிப் பையைத் தள்ளு எல்லாம் ஒரே கணக்கு. பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 வினாடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் அந்த மாடலுக்கே சான்றிதழ். நடைபாதையில் ஒரு லேப்டாப் பை போதும், அந்தக் கணக்கு கெட.

தகராறு முற்றினால் நடப்பது இது. முதலில் வாய் வார்த்தையில் எச்சரிக்கை. பிறகு சீனியர் க்ரூ வருவார், இன்டர்போனில் கேப்டனுக்குத் தகவல் போகும். கேப்டன் வெளியே வந்து பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பறக்கும்போது அப்படி ஒரு சண்டைக்காகக் காக்பிட் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது. அடுத்தது எழுத்துப்பூர்வ எச்சரிக்கை அட்டை. அதை வாங்க மறுத்தாலும் கொடுத்ததாகவே பதிவாகும். சமாதான வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் பிளாஸ்டிக் விலங்கு. கைகளைக் கட்டி, பெல்ட் போட்டு, ஒருவர் கூடவே கண்காணிப்பார். குப்புறப் படுக்க வைக்கக்கூடாது, மூச்சு முட்டும்.

நடுவழியில் திருப்பி இறக்குவது எளிதல்ல. ஏ320 கிளம்பும்போது 78–79 டன் வரை இருக்கலாம். இறங்கும் உச்சவரம்பு 66–67 டன். அதில் எரிபொருளை வானத்தில் கொட்டுகிற வசதி கிடையாது. முழு டாங்கோடு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் திரும்ப வேண்டுமென்றால் சுற்றிச் சுற்றி எரிக்கணும், அல்லது கூடுதல் எடையோடு இறங்கிவிட்டுப் பரிசோதனைக்கு நிறுத்தணும். கேப்டன் அந்த முடிவெடுக்கும் அளவுக்குப் போனால் கீழே விமான நிலையப் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். காத்திருக்கும், எஃப்.ஐ.ஆரும் வரும்.

---

காலி_சீட் எழுதியது:

ஜம்ப்_சீட் சார் க்ரூ பக்கத்தை அழகாகச் சொல்லிவிட்டார். மறுபக்கம் நான் சொல்கிறேன். "ஒழுங்கைக் காப்பதற்காக" என்ற அந்தச் சொல் ரப்பர் மாதிரி, எவ்வளவு வேண்டுமானாலும் இழுபடும். சாண்ட்விச் வரவில்லை என்று ஆரம்பித்த வாக்குவாதம், அறிக்கையில் "உத்தரவை மறுத்தார், குரல் உயர்த்தினார்" என்று மட்டும் இருக்கும். சாண்ட்விச் காணாமல் போய்விடும்.

அதனால் தடை நடைமுறையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2017 மார்ச்சில் ஒரு எம்.பி. ஏர் இந்தியா ஊழியரை அடித்த விவகாரத்துக்குப் பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. விதியைத் திருத்தியது. மூன்று நிலை. வாய்ச்சண்டை, சைகை, குடித்துவிட்டு ரகளை: 3 மாதம் வரை. தள்ளுவது, அடிப்பது, தகாத முறையில் தொடுவது: 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான தாக்குதல், விமானக் கருவிகளைச் சேதப்படுத்துவது, காக்பிட்டுக்குள் நுழைய முயல்வது: குறைந்தது 2 ஆண்டு, மேல்வரம்பு இல்லை. மறுபடி செய்தால் முந்தைய தடையின் இரு மடங்கு.

முடிவு செய்வது க்ரூ இல்லை. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில், வேறு ஏர்லைன்ஸ் ஆள் ஒருவர், பயணிகள் அல்லது நுகர்வோர் அமைப்பு ஆள் ஒருவர் கொண்ட குழு. 30 நாளில் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை அந்த ஏர்லைன்ஸ் தற்காலிகமாகத் தடுக்கலாம். 30 நாளில் குழு முடிவு சொல்லாவிட்டால் நீங்கள் பறக்கலாம். தடை வந்தால் 60 நாளுக்குள், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், அதற்கும் மேல் உயர்நீதிமன்றம்.

இது ஏட்டில். நடப்பில், 2020 ஜனவரியில் மும்பை–லக்னோ இண்டிகோவில் நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா ஒரு டிவி தொகுப்பாளரிடம் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்தார் என்று 6 மாதத் தடை அறிவித்தார்கள். அந்த விமானத்தின் கேப்டனே, என்னைக் கேட்காமல் முடிவெடுத்தீர்கள், அது முதல் நிலைக்குக்கூட வராது என்று நிர்வாகத்துக்கு எழுதினார். பிறகு குழு அதை 3 மாதமாகக் குறைத்தது. தங்கள் விமானத்தில் ஒன்றுமே நடக்காத வேறு ஏர்லைன்ஸ்களும் சேர்ந்து தடை போட்டன. அப்படிப் போட விதியில் இடம் இருக்கிறது, கட்டாயம் கிடையாது.

---

ஜம்ப்_சீட் எழுதியது:

காலி_சீட், கம்ரா விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. 2022 நவம்பரில் நியூயார்க்–டெல்லி ஏர் இந்தியாவில், குடிபோதையில் இருந்தவர் ஒரு மூத்த பெண்மணி மீது சிறுநீர் கழித்ததாக வந்த புகாரில், க்ரூ கடுமையாக நடக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. தரையிறங்கி 12 மணி நேரத்துக்குள் டி.ஜி.சி.ஏ.வுக்குத் தகவல் போக வேண்டும், போகவில்லை. 2023 ஜனவரியில் கம்பெனிக்கு 30 லட்சம் அபராதம், கேப்டனின் லைசென்ஸ் 3 மாதம் நிறுத்தம். அப்புறம் எந்த க்ரூ "சரி போகட்டும்" என்று விடுவார்? இப்போதெல்லாம் சின்ன விஷயத்துக்கும் அறிக்கை எழுதுவதில் அந்தப் பயமும் இருக்கிறது.

---

விதி_22 எழுதியது:

அதிகாரம் யாருடையது என்பதற்கு ஒரு விசித்திரமான வழக்கு உண்டு. 2014 டிசம்பர் 5, நியூயார்க். கொரியன் ஏர் முதலாளியின் மகள், கம்பெனி துணைத் தலைவரும்கூட, முதல் வகுப்பில் மகடாமியா கொட்டையைத் தட்டில் வைக்காமல் பையோடு கொடுத்தார்கள் என்று கொதித்து, ஓடத் தொடங்கிய விமானத்தைத் திருப்பி கேட்டுக்கு வரவைத்து, தலைமைப் பணியாளரை இறக்கிவிட்டார். முதலில் ஓராண்டுச் சிறை. மேல்முறையீட்டில், தரையில் நகர்வது "விமானப் பாதை" ஆகாது என்று, விமானப் பாதையை மாற்றினார் என்ற குற்றச்சாட்டு மட்டும் விழுந்து, 10 மாதம் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை ஆனது. 2017 டிசம்பரில் கொரிய உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அங்கே முதலாளி சொன்னதும் கேப்டன் திரும்பினார் பாருங்கள், அந்த இடம்தான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

---

தாம்பரம்_தென்றல்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்பா விஷயத்தில் என்ன செய்யலாம்? வீடியோ எடுத்தால் பிரச்சினை வருமா?

---

ஜம்ப்_சீட் எழுதியது:

நடைபாதை சீட், கடைசி வரிசைகளுக்குப் பக்கமாக வாங்குங்கள். ஏ320இல் பெரும்பாலும் பின்னால் இரண்டு டாய்லெட், முன்னால் ஒன்று. ஏறும்போதே க்ரூவிடம் சர்க்கரை என்று சொல்லிவிடுங்கள். சர்க்கரை இறங்கினால் வியர்வை, நாக்குழறல், எரிச்சல் எல்லாம் வரும். தெரியாதவருக்கு அது குடிபோதை மாதிரித் தெரியும். இன்சுலினும் சாப்பிட ஏதாவதும் கைப்பையில் இருக்கட்டும், மேலே லாக்கரில் வேண்டாம்.

விமானம் ஓடுபாதைக்குப் போகும்போது மட்டும் எழுந்திருக்க விடாதீர்கள். ஒருவர் எழுந்தால் பைலட் நிறுத்தியாக வேண்டும், கிளம்பும் வரிசையில் இருந்த இடமும் போய்விடும். இறங்கத் தொடங்கும் அறிவிப்பு வந்ததும், சீட் பெல்ட் விளக்கு எரியும் முன்னாலேயே ஒருமுறை போய்வந்துவிடுங்கள்.

---

காலி_சீட் எழுதியது:

சீட்டில் இருந்தபடி படம், வீடியோ எடுக்கலாம் என்று டி.ஜி.சி.ஏ. 2020இல் தெளிவுபடுத்தியது. ஆனால் கூச்சல் குழப்பம் வருகிற மாதிரி எடுப்பதும், க்ரூ நிறுத்தச் சொன்ன பிறகு எடுப்பதும் அந்த அனுமதியில் அடங்காது. அதனால் எடுக்காதே என்றால் நிறுத்திவிட்டு, நேரம், சீட் எண், பேட்ஜில் உள்ள பெயர், அவர்கள் சொன்ன வாக்கியம் இவற்றைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்காரரின் நம்பரையும் வாங்கி வையுங்கள்.

இறக்கிவிட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இடமில்லை என்று ஏற்றாமல் விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தராதபோது அடிப்படைக் கட்டணத்தின் 200% (உச்சம் 10,000 ரூபாய்), 24 மணி நேரம் தாண்டினால் 400% (உச்சம் 20,000) உண்டு. நடத்தை என்று எழுதிவிட்டால் அது கிடையாது. அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். பிறகு ஏர்லைன்ஸின் நோடல் அதிகாரி (புகார்களைக் கவனிப்பவர்), அரசின் புகார் தளமான ஏர்சேவா, அங்கேயும் சரியாகவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம்.