ஒன்பது வருடம் பந்தியில் சேராமல் நின்றேன்

முதல் பதிவு

கிறிஸ்துவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து ஞாயிறுகளில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோவிலில் காணிக்கை எடுத்து முடித்ததும் பத்துப் பதினைந்து பேர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்துவிடுவார்கள். நெல்லைப் பக்கத்துக் கிராமச் சபைகளில் வளர்ந்த சிலருக்காவது இது தெரிந்திருக்கும். யாரும் அவர்களைப் போகச் சொல்வதில்லை. குடிக்கிறவர், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர், வட்டிக்கு விடுகிறவர், காரணம் எதுவும் சொல்லாமல் 'மனசு சரியில்லை' என்கிறவர், எல்லாரும் வேப்பமரத்தடியில் நிற்பார்கள். ஒன்பது வருடம் நானும் அந்த மரத்தடியில் நின்றேன், அதை எழுதத்தான் வந்தேன்.

அப்பா இறந்த பிறகு பனந்தோப்பைப் பங்கு பிரிப்பதில் அண்ணனுக்கும் எனக்கும் வாய்த்தகராறு வந்து, அண்ணியின் முன்னால் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அந்த வாரம் திருவிருந்து. வேதாகமத்தில் பவுல் எழுதிய முதல் கொரிந்தியர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், 'அபாத்திரமாய்', அதாவது தகுதியில்லாதபடி, இந்த அப்பத்தைப் புசிக்கிறவன் குற்றவாளி என்று வருகிற வசனம் ஞாயிறு பள்ளியிலேயே பயமாக மனதில் ஏறியிருந்தது. சரி, முதலில் அண்ணனோடு ஒப்புரவாகி, கோபத்தை அடக்கி, ஆறு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு அப்புறம் வாங்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் மீன், கறி தொடமாட்டேன், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் ஒரு மாதம்கூட விட்டதில்லை, அசனம் என்ற சபை விருந்துக்கு அரிசி மூட்டை கொடுத்தேன். ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் நல்லவனாகிவிட்டால் போய்விடலாம் என்று தோன்றும், ஆனால் அண்ணன் வீட்டு வாசலைக் கடக்கும்போது வருகிற கசப்பு மட்டும் அப்படியே இருந்தது. அரிசி மூட்டை கொடுத்த வருடத்தில் அந்தக் கசப்போடு பெருமையும் சேர்ந்துகொண்டது.

அம்மா படுத்த படுக்கையானபோது எங்கள் சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுத்தார். அம்மாவுக்கு அப்போது நினைவு போய்விட்டிருந்தது, என்னையே யாரென்று கேட்பாள், கர்த்தருடைய ஜெபம் பாதியில் நின்றுவிடும், ஆயுசு முழுக்கச் சொன்ன விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரிகூட வரவில்லை. ஐயர் அப்பத்தை எடுத்ததும் இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் குழித்து நீட்டினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. சபைக்கும் வீட்டுக்கும் அவள் செய்த எதுவும் அவளுக்கே ஞாபகம் இல்லை, கையில் ஒன்றும் இல்லை, நீட்டினாள், கிடைத்தது.

அப்புறம் ஐயர் என் பக்கம் திரும்பினார். "வேண்டாம் ஐயரே, எனக்குத் தகுதியில்லை" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அம்மாவின் வேதாகமத்தை எடுத்துக் கொடுத்து, நான் பயந்த அதே அதிகாரத்தை 20ஆம் வசனத்திலிருந்து சத்தமாக வாசிக்கச் சொன்னார். பவுல் அங்கே கடிந்துகொள்வது, மற்றவர்கள் பசியாயிருக்க முந்திக்கொண்டு சாப்பிட்டு வெறித்திருந்தவர்களை, இல்லாதவர்களை வெட்கப்படுத்தினவர்களை. எப்படிப் புசித்தார்கள் என்பதுதான் அங்கே குற்றம். பாத்திரவான்கள் மட்டும் வரலாம் என்று அந்த அதிகாரத்தில் எங்கேயும் இல்லை. 28ஆம் வசனம்கூட, தன்னைத்தானே சோதித்தறிந்து வெளியே போகக்கடவன் என்று முடியவில்லை, "பானம்பண்ணக்கடவன்" என்றுதான் முடிகிறது. இதைப் படிக்காமலா ஒன்பது வருடம் நின்றேன்!

அடுத்து ரோமர் 4:5ஐ எடுக்கச் சொன்னார். "பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில்" என்று வாசித்ததும் குரல் உடைந்துவிட்டது. நல்லவனை நீதிமானாக்குகிறவர் என்றே இத்தனை காலமும் என் காதில் விழுந்திருக்கிறது. அன்று அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவிருந்து வாங்குவதற்கு முன், எங்கள் சொந்த நீதியை நம்பி இந்தப் பந்திக்கு வரவில்லை, உமது இரக்கத்தை நம்பி வருகிறோம் என்ற பொருளில் சபையார் சொல்லும் ஜெபம் உண்டே, 1548இல் இங்கிலாந்தில் எழுதப்பட்டு நம்மிடம் வந்தது, தகுதியில்லை என்று நான் மரத்தடியில் நின்ற நேரத்தில் உள்ளே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பதில் 1

அண்ணே, நான் செவிலியர். புற்றுநோய் முற்றிய நிலையில் இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் வேலை. ஒரு தாத்தா இருந்தார், சபையில் முப்பது வருடம் பொருளாளர், ஒரு ரூபாய் கணக்குப் பிசகாதவர். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டு, "நான் செஞ்சது போதுமா பாப்பா" என்று கேட்பார். நீங்கள் அவ்வளவு நல்லவர் தாத்தா, பயப்படாதீர்கள் என்றுதான் முதலில் சொன்னேன். பெரிய தப்பு அது. நல்லவர் என்று சொல்லச் சொல்ல அவருக்குத் தான் செய்யாமல் விட்டதெல்லாம் ஞாபகம் வந்தது, பட்டியல் போட்டு அழுவார்.

நான்காவது நாள் லூக்கா 18ஐ வாசித்தேன், பக்திமான் என்று பெயரெடுத்த பரிசேயனும் வரி வசூலிக்கிற ஆயக்காரனும். வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்துத் தசமபாகம் செலுத்தினவன் ஒரு பக்கம், தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டவன் ஒரு பக்கம், அந்த இரண்டாமவன்தான் நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குத் திரும்பிப்போனான். தாத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் முதல் ஆளு மாதிரியே இருந்துட்டேனே" என்றார். அதன் பிறகு கணக்குச் சொல்வதை விட்டுவிட்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரே வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பயம் முழுவதும் போனது என்று நான் சொல்லமாட்டேன், ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. ஆனால் இரவில் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது நின்றுவிட்டது.

பதில் 2

எங்கள் வீட்டில் நான் மார்ட்டின் லுத்தரின் வழிவந்த லுத்தரன் சபை, கணவர் கத்தோலிக்கர். கல்யாணமான புதிதில், நீங்கள் நற்செயல் செய்து மோட்சம் வாங்கப் பார்க்கிறவர்கள் என்று நான் சொல்லிவிட, மாமியாருக்கு மனம் நொந்துவிட்டது. தினமும் செபமாலை சொல்லி, "எல்லாம் அவர் குடுக்கிறது தாயி" என்று சொல்கிற மனுஷி அவர்கள். பிறகுதான் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதே விஷயத்தில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டது தெரிந்தது. நம்மிடமுள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு தரப்பும் சேர்ந்து சொல்லியிருக்கிறார்கள். 2006இல் மெதடிஸ்டு சபையாரும் சேர்ந்தார்கள். எல்லா வித்தியாசமும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நம் 'நீதிமான்' என்ற சொல்லைக் கேட்டாலே நன்னடத்தை உள்ளவர் என்றுதான் மனம் போகிறது. கணவருடைய பொது மொழிபெயர்ப்பு வேதாகமத்தில் 'கடவுளுக்கு ஏற்புடையவர்' என்று வரும். முதலில் எனக்கு அது ஒட்டவில்லை, இப்போது இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்கிறேன். லுத்தரே 'தேவநீதி' என்ற வார்த்தையை வெறுத்தேன் என்று 1545இல் எழுதியிருக்கிறார், பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே அதுவரை நினைத்திருந்தார். குறை சொல்ல இடமில்லாத துறவியாக வாழ்ந்தும் மனச்சாட்சி அமைதியாகவில்லை. "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்ற ரோமர் 1:17ஐ இரவும் பகலும் யோசித்துத்தான், அது கடவுள் கொடுக்கிற நீதி என்று கண்டுகொண்டார். முதல் பதிவு எழுதிய அண்ணனின் மரத்தடியைப் படித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

பதில் 3

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு ஒரு சந்தேகம். விசுவாசம் மட்டும் போதும் என்று சொல்லிக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் வாழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிரியைகளில்லாத, அதாவது செயலில்லாத, விசுவாசம் செத்தது என்று புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தன் நிருபத்தில் சொல்கிறாரே? அண்ணன், உங்கள் அண்ணனிடம் பேசினீர்களா?

முதல் பதிவு எழுதியவர்

நல்ல கேள்வி தம்பி, கோபம் எதற்கு. பவுலும் யாக்கோபும் ஆபிரகாமைத்தான் காட்டுகிறார்கள், ஆபிரகாம் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார் என்ற ஆதியாகமம் 15:6ஐ இரண்டு பேருமே எடுக்கிறார்கள். பவுல் கேட்பது, அவன் எப்போது நீதிமானாக எண்ணப்பட்டான் என்று. உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில், அவனுடைய 99 வயதில்தான் வருகிறது, ஆகவே அதற்கு வெகு முன்னமே, செய்து காட்ட ஒன்றும் இல்லாதபோதே, நட்சத்திரங்களைப் பார்த்து விசுவாசித்த இரவிலேயே என்கிறார். யாக்கோபு 22ஆம் அதிகாரத்துக்கு, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த நாளுக்குப் போகிறார். இடையில் எத்தனையோ வருடங்கள். நான் 22ஐ முடித்துவிட்டுத்தான் 15க்குப் போவேன் என்று நின்றவன்.

அண்ணன் விஷயம். தகுதி சம்பாதிக்கப் போன வருடங்களில் இரண்டு தடவை அவர் தெரு வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன். உள்ளே போனால் என் பக்கம் தப்பில்லை என்று நிரூபித்தாக வேண்டுமே. அம்மாவோடு திருவிருந்து வாங்கின மூன்றாம் நாள் போனேன், அன்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அண்ணிதான் கதவைத் திறந்தார்கள். "அந்த வார்த்தையைச் சொன்னது தப்பு மதினி" என்றேன். அண்ணன் வெளியே வரவில்லை, உள்ளிருந்து டிவி சத்தத்தைக் கூட்டினார். தோப்பு வழக்கு இன்னும் தாசில்தார் அலுவலகத்தில்தான் இருக்கிறது. ஆனால் அம்மா அடக்கத்தன்று பெட்டியின் முன்பக்கத்தை நான் தூக்கியபோது மறுபக்கம் வந்து தோள் கொடுத்தது அவர்தான், கல்லறை வரைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.