400-க்கு அப்புறம் நேரா 1000 பேப்பரா?

சாணைக்கல்:
ஸ்க்ரப்பர் கீறல் விழுந்த சமையல் கத்தியைப் பளபளப்பாக்க, "400 வாட்டர் பேப்பர், அப்புறம் நேரா 1000, முடிஞ்சுது"ன்னு நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். (வாட்டர் பேப்பர்னா தண்ணி போட்டுத் தேய்க்கற உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நைஸ்.) நம்பி இறங்காதீங்க. 600, 800 ரெண்டையும் விட்டா 400 போட்ட கோடு 1000-ல போகவே போகாது. ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா பளபளப்புக்கு அடியில அத்தனையும் தெரியும்.

வெள்ளிவெட்டு:
எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஐரோப்பிய அளவுல P400 தாளோட மணல் 35 மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒண்ணு), P1000 18 மைக்ரான். ஏறக்குறையப் பாதி. ஒவ்வொரு படிக்கும் பாதியாக் குறைஞ்சா போதும். கோடு மிஞ்சுதுன்னா 400-லயே வேலை முடியல. அதுக்கு முன்னாடி முரட்டு 220 தாள் போட்ட கோடு அழியறதுக்குள்ள தாளை மாத்திட்டு, பழியை 1000 மேல போடறாங்க.

சாணைக்கல்:
கணக்கு தாளுக்குச் சரி, கைக்குச் சரியில்ல. 1000 மெதுவாத்தான் அரிக்கும். கோடு போகலையேன்னு ஆள் விரலால அழுத்துவான். விரல் பட்ட இடம் பள்ளமாகி, பாலிஷ் ஏறினதும் கத்தி முகம் அலை அலையாத் தெரியும். 600-ல போக வேண்டிய கோட்டை 600-லயே எடுக்கணும்.

வெள்ளிவெட்டு:
விரலால தேய்க்கச் சொன்னது யாரு? தட்டைக் கத்திக்கு மரக்கட்டை, வயிறு உப்பின கத்திக்குக் கட்டையில ஒட்டின தோல். இதெல்லாம் தெரியாதவங்களுக்கு எத்தனை தாள் கொடுத்தாலும் அலைதான்.

பட்டறைவாசி:
ரெண்டு பேரும் தாளோட முதுகைப் பார்த்தீங்களா? P போடாத அமெரிக்க அளவுத் தாள்ல 600-ன்னா சுமார் 16 மைக்ரான். அது P1000-ஐ விடவே நைஸ். எந்த 600-க்காகச் சண்டை?
இன்னொண்ணு, திசையை மாத்துங்க. 400 குறுக்கே, அடுத்தது நெடுக்கே. பழைய கோடு ஒண்ணு மிஞ்சினாலும் குறுக்கே நின்னு கண்ணுல படும். கடைசித் தாளை மட்டும் பிடியிலிருந்து முனைக்கு ஒரே இழுப்பா இழுக்கணும். முன்னும் பின்னும் தேய்ச்சா, திரும்பற இடத்துல தூண்டில் முள் மாதிரி கோடு வளையும்.

சாணைக்கல்:
எந்தத் தாளா இருந்தா என்ன, 600-ஐ விட்டுட்டுத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான்.

மின்னல்:
இவ்வளவு பாடு எதுக்கு? கிரைண்டர்ல பஃப் வீல் (பாலிஷ் போடற துணிச் சக்கரம்) மாட்டி பச்சை பாலிஷ் கட்டி தடவினா அஞ்சு நிமிஷம்.

பட்டறைவாசி:
அஞ்சு நிமிஷத்துல விரலும் போகும். வீல் சுத்தற திசைக்கு எதிரா விளிம்பைக் காட்டினா, துணி விளிம்பைக் கவ்விக் கத்தியைத் தூக்கி அடிக்கும். சூடு வேற. கார்பன் ஸ்டீல் கத்தி பலதும் 200 டிகிரி செல்சியஸ் சுமாருக்குப் பதம் வெச்சது. மெல்லிய விளிம்பு வைக்கோல் மஞ்சளாச்சுன்னா அங்க பதம் இறங்கி, கடினம் குறைய ஆரம்பிச்சாச்சு. அப்புறம் எவ்வளவு சாணை பிடிச்சாலும் கூர் நிக்காது. ஆழமான கீறலையும் பஃப் எடுக்காது, ஓரத்தை மழுக்கி மினுக்கும்.

மின்னல்:
மெதுவா ஓட்டினா சூடேறாது. பயந்தவங்க கட்டையிலயே தேய்க்கட்டும்.

வெள்ளிவெட்டு:
பஃப் கதை தனி இழையில வெச்சுக்கோங்க. சாணைக்கல், துரு விவாதத்துலயும் நீங்க இதே மாதிரிதான் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொன்னீங்க. 400 கோடு முழுக்க ஒரே சீரா இருந்தா 1000 எடுக்கும். இல்லைன்னு காட்டுங்க.

சாணைக்கல்:
துரு விஷயத்துலயும் நான் சொன்னதுதான் சரி. எண்ணெய் போட்டுத் தேய்ச்சா கரி மாதிரி சேறு அடைச்சு, தாள் அரிக்கறதே நின்னுடும். சோப்புத் தண்ணிதான் சேறைக் கழுவும். அன்னிக்கும் நீங்க ஒத்துக்கல.

வெள்ளிவெட்டு:
கார்பன் ஸ்டீல்ல சோப்புத் தண்ணி ஊத்தி, துடைக்காம டீ குடிக்கப் போனா திரும்பி வர்றப்ப துருப் புள்ளி நிக்கும். அதுக்குத்தான் எண்ணெய்.

சாணைக்கல்:
துடைக்கச் சோம்பல், 600 வாங்கவும் சோம்பல்.

பட்டறைவாசி:
விளிம்புல டேப் ஒட்டி, கத்தியைப் பலகையில கிளாம்ப் போட்டுட்டுத் தேய்க்கணும்னு இதுவரை ஒருத்தர்கூடச் சொல்லல. பொறிச்ச கம்பெனி முத்திரை 400-லயே அழியும், டமாஸ்கஸ் கத்தியில அலை அலையா இருக்கற அடுக்கு வரி மங்கிடும், அது திரும்பத் தெரிய உலோகத்தை அரிக்கற பெரிக் குளோரைடு கரைசல்ல முக்கணும். அதையும் சொல்லல.

வெள்ளிவெட்டு:
சாதாக் கத்தியைப் பத்திதான் பேச்சு. 400, அப்புறம் 1000.

சாணைக்கல்:
600.