ஏ.எஸ். 209 வட்டின் வளையங்களை அளக்க உதவி தேவை (சுங்கை சிப்புட்)

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்துப் படிவம் 6 மாணவர்கள், கோள்கள் உருவாகும் தூசு வட்டுகளை உண்மையான தரவிலேயே அளக்கிறார்கள். சிலியிலுள்ள ஆல்மா என்ற வானொலித் தொலைநோக்கி அணி, 20 வட்டுகளை 1.25 மில்லிமீட்டர் அலைநீளத்தில் எடுத்த படங்கள் 2018 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. நாங்கள் எடுத்தது ஏ.எஸ். 209 என்ற இளம் விண்மீனின் வட்டு: தொலைவு 121 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு), நம் பார்வைக்கு வட்டின் சாய்வு 35 பாகை, நிலைக்கோணம் (வட்டின் நீள அச்சு வானில் வடக்கிலிருந்து திரும்பியிருக்கும் கோணம்) 86 பாகை.

படத்தை அந்தக் கோணத்துக்குத் திருப்பி, சிற்றச்சுத் தூரங்களை (சாய்வால் குறுகித் தெரியும் திசையிலுள்ளவற்றை) கோசைன் 35, அதாவது 0.82-ஆல் வகுத்து, மையத்திலிருந்து வட்ட வட்டமாகச் சராசரி எடுக்கிறோம். 74, 120 வானியல் அலகுகளில் (ஓர் அலகு பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு) இரண்டு ஒளிமிக்க வளையங்கள் வர வேண்டும். ஆனால் வெளிவளையத்தின் ஒளி உச்சி இரண்டாகப் பிளக்கிறது. மையம் 0.03 வில்நொடி (ஒரு வில்நொடி பாகையில் 3600-இல் ஒரு பங்கு) விலகினாலே வளையம் 3.6 அலகு நகரும். சாய்வு தவறினாலும் இதே பிளவுதான்.

பிரித்தறிய வழி உண்டு. சராசரி எடுக்காமல், 10 பாகைக்கு ஒரு துண்டாக உச்சியின் ஆரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு சுற்றில் ஒருமுறை ஏறி இறங்கினால் மையம் தவறு. இருமுறை என்றால் சாய்வோ நிலைக்கோணமோ தவறு. இதைப் பைத்தானில், ஆஸ்ட்ரோபை என்ற வானியல் நிரல் தொகுப்பைக் கொண்டு எழுதித் தமிழில் விளக்க ஒருவர் வேண்டும். சனிக்கிழமை காலை நேரிலோ இணையவழியோ வரலாம்.

வளையம் சரியாகாமல், வளையங்களுக்கு இடையேயுள்ள இருண்ட இடைவெளிகளைத் தொட வேண்டாம். இடைவெளி கண்டதும் அங்கே கோள் என்று எழுதிவிடும் அவசரம் மாணவர்களுக்கு வரவே கூடாது, பி.டி.எஸ். 70 என்ற விண்மீனின் வட்டில் போலக் கோளே நேரில் படமாவது அரிது.

8 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி இரண்டு இருந்தாலும் தந்து உதவுங்கள்.