தொழில்முனைவு ஆய்வில் பெருந்தரவு: கூடவே ‘தடத்தரவு’ம் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிக் டேட்டா எனப்படும் மிகப்பெரிய தரவுத் தொகுப்புகளுக்குத் தமிழில் ‘பெருந்தரவு’ என்ற சொல் நிலைத்துவிட்டது. ‘மாத்தரவு’ போன்ற மாற்றுச் சொற்கள் எல்லாம் இனி வேண்டாம். என் சிக்கல் வேறு. தொழில்முனைவு ஆய்வுகளில் தரவின் பருமனைவிட அது கிடைத்த விதம்தான் முக்கியம். அதற்கு இந்தச் சொல் போதவில்லை.

1999இல் தொடங்கிய குளோபல் ஆன்ட்ரபிரனர்ஷிப் மானிட்டர் என்ற பன்னாட்டுத் தொழில்முனைவுக் கணக்கெடுப்பு, நாட்டுக்குக் குறைந்தது 2000 பேரிடம் நேரடியாகக் கேட்கிறது. இது கேட்டுப் பெற்ற தரவு. மாறாக, ஆய்வாளர் ஈத்தன் மாலிக் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பொதுமக்களிடம் நிதி திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் 48,000க்கும் மேற்பட்ட திட்டங்களை அலசியது. அவற்றைத் தொடங்கியவர்கள் ஆய்வுக்காக எதையும் பதியவில்லை. பணம் திரட்ட வந்தார்கள், சுவடு தங்கிவிட்டது. இதைத்தான் டிஜிட்டல் ட்ரேஸ் டேட்டா என்கிறார்கள். ‘தடத்தரவு’ என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு.

‘தரவுத்தடம்’ ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதில் தலைச்சொல், அதாவது முதன்மைப் பொருளைத் தரும் சொல், ‘தடம்’. தரவு எங்கிருந்து எங்கே போனது என்ற வரலாற்றுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது தடமாகக் கிடைத்த தரவு. ‘தடயத்தரவு’ என்றால் காவல்துறை வந்து நிற்கும்!

சரி, புதுச்சொல்லால் என்ன லாபம்? ‘பெருந்தரவு’ என்றதும் எல்லாமே அதில் அடங்கிவிட்டதாக ஒரு நினைப்பு வருகிறது. ‘தடத்தரவு’ என்றால், தடம் விடாதவர்கள் எங்கே என்று உடனே கேட்கத் தோன்றும். தொழில் தொடங்கும் எண்ணத்தில் இருப்பவர், இன்னும் பதிவு செய்யாதவர், முதலீட்டாளரைத் தேடாமல் சொந்தச் சேமிப்பில் நடத்துபவர் ஆகியோரெல்லாம் கிரன்ச்பேஸ் போன்ற நிறுவனத் தகவல் தொகுப்புகளில் எளிதில் அகப்பட மாட்டார்கள். நேரில் கேட்டால் அவர்களும் கிடைப்பார்கள். எத்தனை லட்சம் பதிவுகளைச் சேர்த்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாத திட்டங்களின் பக்கங்களும் அப்படியே இருக்கின்றன என்பது பெரிய வசதி. ஆனால் அங்கே வராமலே போனவர்கள்?

அப்புறம், இதை ஒட்டி இன்னொன்று. வென்று நிலைத்த நிறுவனங்களை மட்டும் பார்த்து முடிவுக்கு வரும் சர்வைவர்ஷிப் பயஸுக்கு என்ன சொல்லலாம்? ‘பிழைத்தோர் சார்பு’ என்றால் பிழை செய்தவர்களோ என்று குழப்பம் வரும். ‘சார்பு’ கணிதத்தில் ஃபங்ஷனுக்குப் போய்விட்டது. ‘எஞ்சியோர் சாய்வு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பள்ளிக் கணிதத்தில் நேர்க்கோட்டுக்கும் ‘சாய்வு’ உண்டு. புள்ளியியல் படிப்பிப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன், வகுப்பில் இது இடிக்குமா?