வயர் ஸ்ட்ரிப்பர் வாங்குவதும் பேணுவதும்: தென்னாப்பிரிக்க வயரிங் வேலைக்காரர்களின் அனுபவங்கள் (ஒவ்வொரு தலைப்பும் எழுதியவரின் ஊர்)

சாட்ஸ்வொர்த்

வயரின் இன்சுலேஷனை உரிக்க எந்த ஸ்ட்ரிப்பர் வாங்கலாம் என்று கேட்ட தம்பிக்கு: பிராண்டைப் பார்ப்பதற்கு முன் தாடையில் பொறித்திருக்கும் எண்களைப் பாருங்கள். துளை வரிசை உள்ளவற்றில் பல, ஏ.டபிள்யூ.ஜி. என்ற அமெரிக்கக் கம்பி எண் அளவில் வருகின்றன. நம் வீடுகளில் ஓடுவதோ சதுர மி.மீ. கணக்கு. விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, கீசருக்கு 2.5 அல்லது 4, அடுப்புக்குப் பெரும்பாலும் 6.

ஒற்றைக் கம்பியாக வரும் 2.5-இல் செம்பின் விட்டம் சுமார் 1.78 மி.மீ. ஏ.டபிள்யூ.ஜி. பதினான்காம் எண் துளை 1.63 மி.மீ. கம்பிக்கு ஆனது. அதில் 2.5-ஐ வைத்து அழுத்தினால் செம்பைச் சுற்றி ஒரு கீறல் விழும். அப்போது ஒன்றும் தெரியாது. டிபி போர்டுக்குள் (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) வயரை வளைத்துத் திணிக்கும்போது அந்தக் கீறலில்தான் முறியும்.

ஏழு இழை 2.5 வேறு கணக்கு. ஒவ்வோர் இழையும் 0.67 மி.மீ., கட்டாகச் சேர்த்தால் சுமார் 2 மி.மீ. வரும். பல கருவிகளில் ஒரே துளைக்கு ஒரு பக்கம் ஒற்றைக் கம்பிக்கும் மறுபக்கம் இழைக் கம்பிக்கும் வேறு வேறு எண் இருக்கும். பக்கம் மாறிப் படித்தால் ஓர் இழை போய்விடும். ஏழில் ஒன்று போனால் அந்த இடத்தில் செம்பின் பரப்பில் 14 சதவீதம் குறைந்துவிட்டது. முழுச் சுமையில் கீசர் ஓடும்போது சூடாவது அங்கேதான். மில்லிமீட்டர் அளவு பொறித்த கருவியையே வாங்குங்கள்.

ஃபீனிக்ஸ்

சாட்ஸ்வொர்த் அண்ணன் சொன்னதோடு ஒன்று. நாள் முழுக்க வயர் உரிப்பவர்களுக்கு வயரின் கனத்துக்குத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ரகம்தான் கைக்கு ஏற்றது. நிப்பெக்ஸ் 12 62 180 போன்றவை 0.2 முதல் 6 சதுர மி.மீ. வரை எடுக்கும். ஒரு தாடை வயரைப் பிடிக்கும், இன்னொன்று இன்சுலேஷனை வெட்டி இழுக்கும்.

ஆனால் "தானாக" என்ற சொல்லை நம்பி விட்டுவிடக் கூடாது. புதுக் கருவியானாலும், புது வயர் சுருள் திறந்தாலும், முதலில் துண்டு வயர் ஐந்தில் சோதியுங்கள். இழைகளை விரித்துப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் வெட்டுப்பட்ட இழை பளிச்சென்று தெரியும். ஒற்றைக் கம்பியை உரித்த விளிம்பிலேயே 90 பாகை வளையுங்கள், வளைவில் கீறல் தெரிகிறதா பாருங்கள். இன்சுலேஷன் வெட்டாமல் வால் போல இழுபட்டு வந்தால் வெட்டு ஆழம் போதவில்லை அல்லது கத்தி மழுங்கிவிட்டது. டர்பன் கோடையில் பிவிசி இளகியிருக்கும்போது இது அதிகம்.

உரிக்கும் நீளத்துக்கு ஒரு நிறுத்தி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். வயர்களை இணைக்கும் வாகோ 221 கனெக்டரில் 4 சதுர மி.மீ. வரை எடுக்கும் வகைக்கு 11 மி.மீ. என்று அதன் உடம்பிலேயே போட்டிருக்கிறது. நீளம் கூடினால் செம்பு வெளியே நிற்கும். குறைந்தால் பிடி இன்சுலேஷன் மேல் விழும், தொடர்பு தளர்ந்து கருகும்.

லெனேசியா

இங்கே ஜோஹன்னஸ்பர்க் பக்கம் குளிர்காலக் காலையில் பிவிசி இறுகிக் கிடக்கும். அப்போது இன்சுலேஷன் பிளந்து, ஓரம் கிழிந்து வரும். வயர் சுருளை பக்கியின் (பிக்அப் வண்டி) பின்னால் போட்டு வைக்காமல் உள்ளே எடுத்து வைத்தாலே போதும். நெருப்பு காட்டிச் சூடாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது இன்சுலேஷனைக் கெடுத்துவிடும்.

சோலார் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க: பேனலிலிருந்து வரும் 4, 6 சதுர மி.மீ. கேபிளின் இன்சுலேஷன் பிவிசி அல்ல, இறுக்கமான வேறு பொருள். சாதாரணக் கத்தி அதில் வழுக்கும், பலமாக அழுத்தினால் மெல்லிய இழைகள் அறும். சோலார் கேபிளுக்கென்று தனி ஸ்ட்ரிப்பர் உண்டு, அதையே வாங்குங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்

வெளி உறையைப் பற்றி யாரும் பேசவில்லையே. வீட்டு வயரிங்குக்கு வரும் சர்ஃபிக்ஸ் கேபிளில் வெள்ளை உறைக்குக் கீழே அலுமினியத் தாள் இருக்கிறது, எர்த் கம்பி வெறுங்கம்பி. உறை உரிக்கும் கருவியில் கத்தி ஆழத்தைத் திருகி, உறையின் கனத்தை விடச் சற்றுக் குறைவாக வையுங்கள். ஒரு சுற்று வெட்டி, வளைத்து, மிச்சத்தை முறித்து இழுத்தால் உள் வயர் தப்பிக்கும். தாளை உறையின் விளிம்போடு ஒட்ட வெட்டிவிட வேண்டும். கிழிந்த நுனி டெர்மினல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் லைவைத் தொட்டு எர்த் லீக்கேஜ் சுவிட்சை (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்) விழ வைக்கும். வெறும் எர்த்துக்குப் பச்சை-மஞ்சள் குழாய் மாட்டுங்கள்.

மடக்குக் கத்தியால் நீளவாக்கில் கீறுவதைத் தவிர்க்கவே சொல்வேன். உள்ளே இருக்கும் சிவப்பு (லைவ்) வயரில் விழும் சன்னமான வெட்டு, வேலை முடிந்து மூடிய பிறகு கண்ணுக்குப் படாது.

டோங்காட்

கடலோரத்தில் இருக்கிறோம், ஆகவே பராமரிப்பு. ஸ்ட்ரிப்பரை முதலில் கெடுப்பது உப்புக்காற்று, அடுத்தது அதை வைத்து ஆணியும் எஃகுக் கம்பியும் வெட்டுகிற கை. கத்தியில் ஒரு பல் விழுந்தால் அது ஒவ்வொரு வயரிலும் ஒரே இடத்தில் கோடு போடும்.

வேலை முடிந்ததும் பழைய பல்தேய்க்கும் பிரஷால் தாடைக்குள் சிக்கிய பிவிசித் துணுக்கைத் தட்டுங்கள். துணுக்கு இருந்தால் தாடை முழுதாக மூடாது, வெட்டு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் விழும். பிசுக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, கீலுக்கு மட்டும். பிடிக்கும் தாடையில் எண்ணெய் பட்டால் வயர் நழுவும். நனைந்த தோல் பையில் வைக்காதீர்கள், மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

துளை ரகத்தை அரம் போட்டுத் தீட்டவே கூடாது. துளை பெரிதாகி எண்ணே பொய்யாகிவிடும். கத்தி மாற்றக்கூடிய மாதிரி என்றால் வாங்கும்போதே மாற்றுக் கத்தி கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

சாட்ஸ்வொர்த்

பிடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பிளாஸ்டிக் உறை போட்டதெல்லாம் இன்சுலேட்டட் அல்ல. இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்றும், ஐ.இ.சி. 60900 என்றும் பொறித்திருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் மெயினை அணைத்து, டெஸ்டரை மின்சாரம் இருக்கும் வேறோர் இடத்தில் ஒருமுறை சோதித்து, வயரில் வைத்து, மறுபடி மின்சாரம் இருக்கும் இடத்தில் சோதித்த பிறகே உரியுங்கள். பிடியில் வெடிப்போ, மேல் உறை தேய்ந்து உள் உறையின் நிறமோ தெரிந்த கருவியை டிபி போர்டு பக்கம் கொண்டு போக வேண்டாம் தம்பி.